புதுக்கோழி முதலில் தனிக்கூட்டில் இருக்கட்டும்

மன்னார்த் தீவுக்குள் உயிருள்ள கோழி ஒன்று வந்து சேர்வதற்கு வழிகள் அதிகமில்லை. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியையும் பாலத்தையும் தாண்டித்தான் வரவேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய கூடையிலோ, லொறியில் அடுக்கிய கூண்டிலோ, முருங்கனிலிருந்தோ அடம்பனிலிருந்தோ வீடு திரும்பும் ஒருவரின் உரப்பையிலோ வருகிறது. வந்து இறங்கிய பிறகு நடப்பது பேசாலை, எருக்கலம்பிட்டி, தலைமன்னார் எங்கும் ஒன்றுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் வங்காலையிலும் சிலாவத்துறையிலும்கூட அதுதான். காலில் கயிறு கட்டி, முற்றத்துத் தூணிலோ வேலியோரப் பூவரசிலோ இரண்டு மூன்று நாள் கட்டிவைப்பார்கள். வளவு பழகட்டும், ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். மூன்றாம் நாள் கயிறு அவிழும். கோழி கூட்டத்தோடு சேரும். கட்டிவைக்கும் வழக்கம் சரியானது. கட்டும் இடமும் கட்டிவைக்கும் நாட்கணக்கும்தான் பிழை. புதிதாக வரும் கோழி, பழைய கோழிகளுக்கு எட்டாத மூலையில் குறைந்தது 3 வாரம் தனிக்கூட்டில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செய்வதைவிட ஒழுங்கை முழுவதும் ஒன்றாகச் செய்ய வேண்டும். அந்த 3 வாரத்துச் செலவை, வாழ்வாதார உதவி என்ற பெயரில் கோழி கொடுப்பவர் யாரோ அவர் கோழியின் விலையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

புதுக்கோழி என்றதும் வளர்ப்பவர் மனத்தில் முதலில் வருவது கொத்துத்தான். பழைய பேடுகள் சேர்ந்து துரத்தும், தலையில் கொத்தும், தீனில் வாய் வைக்க விடாது. பார்க்கப் பொல்லாத்தனமாக இருந்தாலும் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நோர்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். எந்தக் கோழி எதைக் கொத்தும், எது எதற்கு வழிவிடும் என்ற வரிசை ஒவ்வொரு சிறு கூட்டத்திலும் உண்டு என்பதை 1920களின் தொடக்கத்தில் அவர் எழுதி வெளியிட்டார். வரிசை ஒருமுறை நிலைத்துவிட்டால் சண்டை அடங்கிவிடும். மேலே உள்ள பேடு தலையை நிமிர்த்திப் பார்த்தாலே கீழே உள்ளது ஒதுங்கிக்கொள்ளும். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரும்பாலும் கொண்டையையும் தலையையும் வைத்து. புதுத் தலை ஒன்று நடுவில் வந்தால் வரிசை குலைந்து மறுபடி போடப்பட வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒற்றைக் கோழியைச் சேர்ப்பதைவிட இரண்டு மூன்றாகச் சேர்ப்பது நல்லது. அடி பிரிந்து விழும். குஞ்சுகளைப் பெரிய பேடுகளோடு சேர்ப்பதைவிட ஏறக்குறைய ஒரே பருமனுள்ளவற்றைச் சேர்ப்பது நல்லது. இரவில் கூட்டுக்குள் மெல்ல வைத்துவிட்டால் விடியும்போது வேற்றுமை தெரியாது என்று ஒரு கைமுறையும் உண்டு. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் விடிந்ததும் தெரிந்துவிடும். சண்டை ஒரு இரவு தள்ளிப்போவதைத் தவிர அதில் பெரிய லாபம் இல்லை. இந்த உபாயங்கள் எல்லாமே கொத்துக்கு மட்டும் பார்க்கும் வைத்தியம் என்பதுதான் என் குறை. கொத்து கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு கிழமையில் அடங்கியும் விடுகிறது. கூட்டம் முழுவதையும் அழிப்பது வேறு.

இராணிக்கெட் நோயை எடுத்துக்கொள்வோம். கால்நடை வைத்தியர்கள் நியூகாசில் நோய் என்பார்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும், 1927இல் இமயமலையடிவாரத்து இராணிக்கெட்டிலும் கண்டு எழுதப்பட்டதால் இரண்டு பெயர். கோழி தூங்கி விழும், பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சிழுக்கும். தப்பிக் கிடப்பவற்றில் சில கழுத்து முறுக்கிக்கொண்டு வட்டமிடும். தடுப்பூசி காணாத கூட்டத்தில் கடும் வகை புகுந்தால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். கிருமி உள்ளே போன நாளிலிருந்து அறிகுறி தெரிய 2 நாள் முதல் 15 நாள் வரை ஆகும்; பெரும்பாலும் ஐந்தாறு நாள். சர்வதேச வர்த்தக விதிகளுக்காக உலக விலங்கு நல அமைப்பு இந்த நோய்க்கு வைத்திருக்கும் நாட்கணக்கு 21. இப்போது நமது கயிற்றுக்கு வருவோம். வாங்கும்போது கோழி கண் பளிச்சென்று, கொண்டை சிவந்து நிற்கிறது. முதல் நாள் சரி, இரண்டாம் நாள் சரி, மூன்றாம் நாள் கயிறு அவிழ்கிறது. ஆறாம் நாள் தூங்கத் தொடங்குகிறது. அதற்குள் அது எல்லாக் கோழியும் குடிக்கும் சட்டியில் குடித்து, எல்லாக் கோழியும் கிளறும் குப்பையில் எச்சமிட்டிருக்கும். கயிற்றில் இருந்த மூன்று நாளும் பழைய கோழிகள் அதன் காலடியில்தான் மேய்ந்தன, அதன் முன்னால் போட்ட குருணலைத்தான் கொத்தின என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கயிறு கோழியைக் காத்தது, கூட்டத்தைக் காக்கவில்லை.

எந்தக் கோழி விற்பனைக்கு வருகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. நல்லாய் முட்டையிடும் பேட்டை யாரும் காரணமில்லாமல் விற்பதில்லை. பணமுடை வந்தால் விற்பார்கள், பெருநாளுக்கு விற்பார்கள். அவற்றை விட்டால், பக்கத்து வளவில் இரண்டு கோழி செத்துவிட்டது, நம்முடையதும் போவதற்குள் காசாக்குவோம் என்ற அவசரத்தில் விற்பார்கள். விற்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எட்டுக் கோழியில் தன் வீட்டு முட்டைச் செலவைச் சமாளிக்கும் ஒருவர் வேறென்ன செய்வார்? ஆனால் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் கிராமக் கோழிகளிடையே நோய் பரவிய கதைகளில் இந்த அவசர விற்பனை திரும்பத் திரும்ப வருகிறது. நோய் தொடங்கிய ஊரிலிருந்துதான் கோழி மலிவாகவும் அதிகமாகவும் வெளியே வரும். மலிவாகக் கிடைத்தது என்று நாம் மகிழும் கோழிதான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டிய கோழி.

தடுப்பூசி போட்ட கோழியை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இராணிக்கெட் தடுப்பூசி கோழி சாகாமல் காக்கும். கிருமி உள்ளே புகாமலோ எச்சத்தில் வெளியேறாமலோ முழுதாகத் தடுக்காது. ஊசி போட்ட கோழி தான் நலமாக நின்றுகொண்டே மற்றவற்றுக்குக் கொடுக்க முடியும். மேலும் கோழிக்கு நோய் ஒன்று மட்டுமா? மூக்கில் நீர் வடிந்து முகம் வீங்கும் கொரைசாவும், நெஞ்சு கரகரக்கும் மைக்கோபிளாஸ்மாவும் சுகமாகிய பிறகும் கோழிக்குள் தங்கிவிடும். அப்படித் தேறிய கோழி பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். பயணமோ, இடமாற்றமோ, கொத்தோ உடலைத் தளர்த்தும்போது கிருமி மறுபடி வெளியே வரும். அவ்வகைக் கோழியை வெறும் காத்திருப்பால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு: பத்தாம் நாளளவில், முட்டை நிறுத்திவிட்ட பழைய பேடு ஒன்றைப் புதுக்கோழிகளின் கூட்டுக்குள் விடுவது. மிச்ச நாட்களில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் துணிந்து சேர்க்கலாம். அது நோயில் விழுந்தால் போவது ஒன்றோடு போகும். வரிசைச் சண்டையிலும் இது உதவும். அந்தப் பேடு திரும்பிப் போகும்போது புதியவை அதற்கு ஏற்கெனவே பழக்கம்.

நோய் ஒரு திசையில் மட்டும் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குஞ்சு பொரிக்கும் நிலையத்திலிருந்து வரும் ஒரு மாதக் குஞ்சுகள் சுத்தமான இடத்தில், கம்பித் தட்டிலோ உமி விரிப்பிலோ வளர்ந்தவை. வருடக்கணக்காகக் கோழி மேய்ந்த மண்ணில் அவற்றை இறக்கினால் இரத்தக்கழிச்சல் பிடிக்கும்; பழைய பேடுகள் அதே மண்ணில் ஒன்றும் ஆகாமல் திரியும், ஏனென்றால் சிறுவயதிலேயே அந்த நோயைக் கண்டு தேறியவை. இங்கே ஆபத்து புதியதற்குத்தான். தனிக்கூடு என்பது வந்தவர் மீது காட்டும் சந்தேகம் மட்டும் அல்ல, வந்தவருக்குக் கொடுக்கும் அவகாசமும் கூட.

இனி ஒழுங்கைக்கு வருவோம், ஏனென்றால் தனிக்கூட்டைப் பற்றிய அறிவுரைகள் வழக்கமாக வீட்டோடு நின்றுவிடும். மேலைநாட்டுக் கையேடுகள் கம்பிவலை அடித்த கொல்லையையும் பூட்டிய கூட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமது ஊர்க்கோழி அப்படி வாழ்வதில்லை. காலையில் கூடு திறந்தால் ஐந்து வளவு சுற்றி, மீன் வெட்டும் இடத்தில் குடல் பொறுக்கி, கருவாடு காயும் பந்தலுக்கு அடியில் புழு தேடி, மாலையில் வீடு வரும். பனைமட்டை வேலியும் கிடுகு வேலியும் மாட்டுக்கும் கழுதைக்கும்தான் வேலி. கோழிக்கு அதில் நூறு வாசல். ஆகவே ஒரு வீட்டுக்காரர் எவ்வளவு கவனமாகப் புதுக்கோழியைத் தனியே வைத்தாலும், அடுத்த வளவில் நேற்று வாங்கி இன்று அவிழ்த்துவிட்டால் அவருடைய கவனம் வீண். கூட்டம் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு வீட்டின் எட்டுக் கோழி கிடையாது. ஒழுங்கையின் எண்பது கோழி. எண்பதுக்கும் சேர்த்து முடிவெடுக்காமல் எட்டைக் காக்க முடியாது.

தடுப்பூசியும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. உயிருள்ள தடுப்பு மருந்து சிறு குப்பியில் வருகிறது. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை குளிரில் வைத்திருக்க வேண்டும். எட்டுக் கோழிக்காரர் தனியாக வாங்கினால் எட்டுச் சொட்டுப் போக மிச்சமெல்லாம் மணலில். அதனால் வாங்குவதில்லை, அதில் குற்றம் என்ன? மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்ப்ராட்புரோ உருவாக்கிய ஐ-2 என்ற, வெப்பத்தை ஓரளவு தாங்கும் தடுப்பு மருந்தைக் கிராமத்தவர் கையிலேயே கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற கிராமத்து ஆண்களும் பெண்களும் குறித்த நாளில் வீடு வீடாகப் போய், கோழிக்குக் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, தலைக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்வார்கள். ஒருமுறை போட்டால் ஏறக்குறைய நான்கு மாதம் காக்கும் என்பதால் வருடத்துக்கு மூன்று சுற்று. ஊர் முழுவதும் ஒரே நாளில் போடப்படுவதுதான் அதன் பலம். நமது மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதைவிடச் சிக்கலான கடன் கணக்குகளை மாதம் தவறாமல் பார்க்கின்றன. பிரதேச கால்நடை வைத்திய அலுவலகம் மருந்தும் பயிற்சியும் கொடுத்தால், ஒழுங்கைக்கு இருவர் இதைச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. அதே இருவர், இந்த மாதம் யார் வீட்டுக்குப் புதுக்கோழி வருகிறது என்பதையும் அறிந்திருப்பார்கள். அது அந்த மூன்று வாரமும் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் அவர்களால் முடியும்.

யார் கோழி கொடுக்கிறார்கள் என்பது மன்னாரில் சின்ன விஷயம் இல்லை. 1990இல் முஸ்லிம் மக்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டபோதும், 2007, 2008இல் முசலியும் மாந்தை மேற்கும் மடுவும் இடம்பெயர்ந்தபோதும் யாரும் கோழியைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. 2009க்குப் பிறகு மீளக் குடியேறியவர்களின் வளவுகளில் இருந்த கோழிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவையே: வாங்கியவை, உறவினர் தந்தவை, உதவித் திட்டங்கள் தந்தவை. கோழி கொடுப்பது உதவுபவருக்கு வசதியானது. விலை குறைவு, படம் பிடிக்கலாம், பெண் தலைமைத்துவக் குடும்பத்துக்குக் கையில் வருமானம் என்று அறிக்கையில் எழுதலாம். 2022இல் பொருளாதாரம் விழுந்து தீன் விலை ஏறி, முட்டைக்கு அரசு உச்ச விலை விதித்து, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தபோது, வீட்டுக்கு வீடு கோழி என்ற பேச்சு இன்னும் உரத்தது. அந்தப் பேச்சில் தவறில்லை. ஆனால் கொடுத்த கோழியில் எத்தனை ஆறு மாதம் கழித்து உயிரோடு நின்றன என்று திரும்பி வந்து எண்ணுவதையும் திட்டத்தின் ஒரு பகுதியாக வைக்க வேண்டும். பயனாளி கோழியை வளர்க்கத் தெரியாதவர், விற்றுத் தின்றுவிட்டார் என்று ஒரு வரியில் கதையை முடிப்பது எளிது. பழைய கோழியும் புதுக்கோழியும் சேர்ந்து செத்த வளவில், உதவி வருவதற்கு முன் இருந்ததும் போயிருக்கும்.

செலவு என்ன பெரிய செலவு? வளர்ந்த கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீன் தின்னும். 5 கோழிக்கு 21 நாள் என்றால் 12 கிலோ, கூடினால் 13. இதோடு ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு தீன் சட்டி, கூடு ஒன்று. கூட்டுக்குப் பனைமட்டையும் கிடுகும் இங்கேயே உண்டு. கடற்கரை ஊர்களில் பழைய வலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் தொய்வாகத் தொங்கும் நைலோன் வலையில் கோழியின் விரலும் கழுத்தும் மாட்டிக்கொள்ளும், ஆகவே சிறுகண் வலையை இரட்டையாக மடித்து இறுக்கிக் கட்ட வேண்டும், அல்லது கம்பிவலை வாங்க வேண்டும். கூடு எந்த மூலையில் என்பதை மன்னாரில் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் பறக்கும். அந்நாட்களில் புதுக்கோழியின் கூடு வளவின் வடகிழக்கு மூலையில் இருந்தால் அது பழைய கோழிகளின் பக்கம் வராது. வாடைக்காலத்தில் மாறாக, தென்மேற்கு மூலை. தீனும் தண்ணீரும் முதலில் பழையவற்றுக்கு, பிறகு புதியவற்றுக்கு. கைகழுவி, செருப்பைத் தட்டி, அதன் பிறகுதான் திரும்பப் பழையவற்றிடம் போவது. பேன் இருந்தால் குளித்துத் தள்ள அடுப்புச் சாம்பல் கலந்த மணல் ஒரு பெட்டியில். மூன்று வாரம் முடிந்ததும் கூட்டைப் பழைய கூட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி, நடுவில் வலை வைத்துச் சில நாள் ஒன்றையொன்று பார்க்க விட்டு, பிறகு மாலை மேய்ச்சல் நேரத்தில் திறந்து விடலாம். தீன் சட்டி இரண்டு, தூரத் தூரமாக. கொத்து இருக்கும். இரத்தம் கண்டால் மட்டும் பிரிக்க வேண்டும். இரத்தத்தைக் கண்ட கோழிகள் கொத்தை நிறுத்தாது.

ஊர்க்கோழி எதையும் தாங்கும், இந்தக் கவனமெல்லாம் லேயருக்கும் பிரொய்லருக்கும்தான் என்பார்கள். வெயிலையும் பசியையும் ஊர்க்கோழி தாங்கும்; பருந்தைக் கண்டால் ஒளியும், அடைகிடந்து தானே குஞ்சு எடுக்கும். அதற்காக அதை நானும் விரும்புகிறேன். ஆனால் இராணிக்கெட்டை அது தாங்காது. கிராமக் கோழிகளை அள்ளிக்கொண்டு போகும் நோய்களில் முதலாவது என்று உலகமெங்கும் எழுதப்படுவது அதுதான். மேலே சொன்ன ஆபிரிக்க முயற்சிகள் ஊர்க்கோழிக்காக நடந்தவை. தாங்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நோய் வந்த வருடத்தில் தப்பிய ஒன்றிரண்டை வைத்து வருகிறது. செத்தவை புதைகுழிக்குப் போய்விட்டன, சாட்சி சொல்ல வருவதில்லை.

இன்னொரு மறுப்பு கூடுதல் கனமானது. வங்காலைச் சரணாலயத்துக்கு வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் வலசைப் பறவைகள் வருகின்றன. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட 4,839 ஹெக்டேயர் அது. வானத்திலிருந்து நோய் இறங்கும்போது கூட்டில் மூன்று வாரம் காத்து என்ன பயன் என்பது கேள்வி. பறவைக் காய்ச்சலைக் காட்டுப் பறவைகள் சுமக்கும் என்பதை மறுக்க முடியாது. கேரளத்தில் 2014இலும் 2021இலும் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வாத்துகள் செத்ததை நாம் தூரத்துச் செய்தி என்று தள்ளிவிடவும் கூடாது. வலசைக் காலத்தில், ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, கோழியையும் குறிப்பாக வாத்தையும் களப்போரத்திலும் குளக்கரையிலும் மேய விடாமல் இருப்பது புத்தி. ஆனால் வீட்டுக் கோழிகளை வழக்கமாகக் கொல்வது இராணிக்கெட்டும் கொரைசாவும் மைக்கோபிளாஸ்மாவும். அவை வீட்டுக் கோழியிலிருந்து வீட்டுக் கோழிக்குக் கூடையிலும் கூண்டிலும் பயணிப்பவை. பூநாரையின் மேல் பழியைப் போடுவது எளிது, அது மறுத்துப் பேசாது. நம் கையில் இருப்பது பாலம் வழியாக வரும் கோழி.

பாலத்தில் ஆளை நிறுத்திக் கோழிக்கூடைகளைப் பிடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடலுக்கு அப்படியொரு பழைய நினைவு உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் 1964 புயல் வரை கப்பல் ஓடியது. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களை இலங்கை அரசு அக்கரையில் மண்டபம் முகாமிலேயே தடுத்துச் சில நாட்கள் வைத்துத்தான் இக்கரைக்கு அனுப்பியது. அம்மைக்கும் கொள்ளைநோய்க்கும் பயந்து செய்த ஏற்பாடு. நோயைத் தடுக்கும் கணக்கு சரியாக இருக்கலாம், மனிதரை அதில் நடத்திய விதம் வேறு கதை. ஏழையின் கையிலிருக்கும் ஒரு கோழிக்குச் சோதனைச் சாவடி வைத்தால் நடப்பது லஞ்சமும் ஒளிப்பும்தான். 2022 டிசம்பரில் வடக்கு கிழக்கில் குளிரில் மாடுகள் செத்தபோது இறைச்சிப் போக்குவரத்தை அரசு தற்காலிகமாகத் தடை செய்தது; பெரிய மிருகத்துக்கு அது பொருந்தும். ஐந்து கோழிக்குப் பொருந்துவது வளவின் மூலையில் ஒரு கூடு, அதற்கு யாரோ ஒருவர் கொடுக்கும் தீன்.

மாமி கொண்டுவந்த சேவலைத் தனிக்கூட்டில் போட்டால் மனம் நோகாதா என்ற கேள்வியையும் கேட்டிருக்கிறார்கள். நோகலாம். கோழி, குடும்பங்களுக்கிடையே போய்வரும் பொருளும்தான். ஆனால் பத்தியக்காரருக்கும் பிள்ளைப்பேற்று வீட்டுக்கும் எத்தனையோ விலக்குகளை யாரும் மனம் நோகாமல் கடைப்பிடிக்கிற சமூகம் இது. கோழிக்கும் ஒரு விலக்கு ஊர் வழக்காகிவிட்டால் அதையும் யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். கோடை வெக்கையில் கூட்டில் அடைத்தால் கோழி செத்துவிடும் என்பது நியாயமான பயம். தகரம் போட்ட தாழ்ந்த கூடாக இருந்தால் செத்துத்தான் போகும். கிடுகுக் கூரை, நாலு பக்கமும் காற்று, நிழல் மரம், மண்சட்டியில் இரண்டு நேரம் மாற்றிய தண்ணீர் என்றால் சாகாது.

ஆனால் வெக்கை ஒரு நல்ல கேள்வியைக் கிளப்புகிறது: எந்த மாதத்தில் கோழியைச் சேர்ப்பது? மன்னாரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் நுளம்பும் கூடும். கோழி அம்மையை நுளம்பு பரப்பும், குஞ்சு குளிரில் ஒடுங்கும். மார்கழியில் நத்தார்ச் சந்தைக்காகக் கோழிகள் ஊர் விட்டு ஊர் அலையும், விலையும் ஏறி நிற்கும். சித்திரை, வைகாசி வெயில் புதியவற்றுக்கும் பழையவற்றுக்கும் ஒன்றுபோலக் கடினம். மழை விட்டு மண் காய்ந்து, வெயில் இன்னும் ஏறாத மாசியும் பங்குனியும்தான் இந்தக் கரைக்கு ஏற்ற காலம். அரசின் கணக்காண்டோ டிசம்பரில் முடிகிறது; பல திட்டங்களின் கணக்கும் அதோடு முடிகிறது. ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் கோழிகளை நவம்பர் மழையில் இறக்குவது, கணக்கை முடிக்க உதவும், கோழிக்கு உதவாது. நிதியை டிசம்பருக்குள் கூட்டுக்கும் தீனுக்கும் பயிற்சிக்கும் தடுப்பூசிச் சுற்றுக்கும் செலவழிக்கட்டும். ஒழுங்கையில் இருக்கும் பழைய கோழிகள் எல்லாவற்றுக்கும் தை மாதத்தில் கண்ணில் சொட்டு விழட்டும். கோழிகளை மாசியில், ஒரே இடத்திலிருந்து எடுத்து, ஒழுங்கை முழுவதுக்கும் ஒரே நாளில் கொடுக்கட்டும். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் கோழிக்கு எதிரே உள்ள வரியில் தனிக்கூடு ஒன்றும் 13 கிலோ தீனும் எழுதப்படாவிட்டால், அந்த வரியைப் பிரதேச செயலகம் திருப்பி அனுப்ப வேண்டும்.